ஊசி வைத்திருக்கிறது, பேசாதீர்கள்

என் மனைவிக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது இப்போது அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ஊசியம்மா. அதோடு என் பெயரும் போயிற்று. நான் ஊசியம்மா வீட்டுக்காரர். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்து, நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் அளவுக்கு வாழ்ந்தவன் நான். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, "சும்மாதானே இருக்கீங்க, வர்றவங்களை வரிசையா உக்கார வைங்க" என்று புதுப் பதவி கொடுத்துவிட்டாள். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, எதிர்த்துப் பேசும் உரிமையும் கிடையாது. பழைய வேலையில் மூன்றாவது கொஞ்சமாவது இருந்தது.

அவள் ஒன்றும் கையில் ஊசியோடு பிறக்கவில்லை. துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மாதத்தில் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். நானும் அக்கறையான கணவன்தான், அறை வாசலில் நின்று "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அலுவலகம் போய்விடுவேன். கூட வேலை செய்த ஒருத்தி அவளை ஓர் அக்குபங்சர்காரரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சில மாதங்களில் வலி பாதியாகக் குறைந்தது. பாதி குறைந்ததற்கே இவள் வேலையை விட்டுவிட்டு, தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதில் மூன்று வருடப் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். "முழுசா குறைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் சோப்புக் கட்டியில் குத்திப் பழகினாள். பிறகு ஆரஞ்சுப் பழம். ஆரஞ்சுக்கு அடுத்து மனித உடல் என்று பாடத்தில் இருந்ததாம். வீட்டில் கைவசம் ஒன்று இருந்தது. நான் டிவி பார்க்கும் நேரம் பார்த்து முழங்காலுக்குக் கீழே நாலு ஊசியைச் செருகிவிட்டு, "கனமா இருக்கா? இழுக்குற மாதிரி இருக்கா?" என்று கேட்பாள்.

"பயமா இருக்கு."

"அது கணக்குல வராது."

தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனான ஊசி. உண்மையைச் சொன்னால் பெரிதாக வலிக்கவில்லை. அந்த உண்மையை இன்றுவரை நான் அவளிடம் சொன்னதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் முன்னறை காத்திருக்கும் இடம். அதை ஒட்டிய படுக்கையறைதான் சிகிச்சை அறை. எங்கள் சொந்தப் படுக்கை மாடிக்கு நாடு கடத்தப்பட்டுவிட்டது. உள்ளே இரண்டு கட்டில், நடுவே பச்சைத் திரை, ஒரு தட்டு நிறைய உறை பிரிக்காத ஊசிகள், பயன்படுத்தியவற்றைப் போட மஞ்சள் டப்பா, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, குளிர்ந்த கால்களுக்கு ஒரு போர்வை. ஆண்கள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. நானும் ஆண் என்பதை அவள் நினைவு வைத்திருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள். மாதவிலக்கு வலிக்காரிகள், மாதவிலக்கு நின்று உடம்பெல்லாம் கொதிக்கிறது என்று சொல்பவர்கள், கர்ப்பிணிகள். கர்ப்பிணிகளில் வாந்தியோடு வருபவர்கள் அதிகம். மணிக்கட்டுக்கு உள்பக்கம் மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புகளுக்கு நடுவே ஓர் ஊசி. "வாந்தி குறையலாம். நிக்கும்னு சொல்ல மாட்டேன். தண்ணியே உள்ள நிக்கலன்னா இங்க வராதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பாள். இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருப்பவள் உலகத்தில் இவள் ஒருத்திதான். எட்டுத் தெரு தள்ளிப் பெண்கள் ஆஸ்பத்திரி இருக்கிறது. இவள் அனுப்பும் ஆட்களுக்கு அதன் பெரிய டாக்டரம்மா கமிஷன் தர ஆரம்பித்தால் நாங்கள் மாடியில் இன்னொரு மாடி கட்டலாம்.

என் ராஜ்ஜியம் காத்திருக்கும் பெஞ்சு. அதில் உட்காருபவர்கள் கணவன்மார்களும் மாமியார்களும். நோய் உள்ளே இருப்பவளுக்கு; அதைப் பற்றிய முழு விவரமும் வெளியே இருப்பவர்களுக்கு. "என்ன பண்ணுது?" என்று நான் கர்ப்பிணியைப் பார்த்துக் கேட்டால், கணவன் சொல்வான்: "அவளுக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்லைங்க." மாமியார் திருத்துவார்: "பகல்ல தூங்குறா, அதான்." அந்தப் பெண் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மாமியார் என் மனைவியிடம் ரகசியமாக, "ஆம்பளப் புள்ளைக்குன்னு ஏதாவது ஊசி இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா அதை உங்க பையனுக்குத்தான் குத்தணும். உள்ள வரச் சொல்லுங்க."

பையன் வெளியே பைக் நிழலில் போய் நின்றுகொண்டான்.

இந்தக் கூட்டத்துக்காகத்தான் அவள் கதவில் ஒரு பலகை மாட்டினாள். 'ஊசி வைத்திருக்கிறது, பேசாதீர்கள்.' ஊசி வைத்த பெண் அரை மணி நேரம் அசையக் கூடாது, அவளை யாரும் கூப்பிடக் கூடாது, கைபேசி என் மேசையில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை மக்கள் மதிக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் மனைவி தலைவலி என்று படுத்தால் ஆயிரம் கேள்வி. உடம்பில் ஊசி நிற்கிறது என்றால் ஒரு பயல் வாயைத் திறக்க மாட்டான். "சார், சாவி எங்க வச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்களேன்" என்று ஒருவன் கெஞ்சினான். பலகையைக் காட்டினேன். கதவருகே போனவன் இரண்டு அடி பின்வாங்கினான்.

உள்ளே வந்த பெண்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். குறட்டைச் சத்தம் முன்னறை வரை கேட்கும். ஒரு நாள் மனைவியைச் சீண்டினேன். "வேலை செய்யுறது உன் ஊசியா, உன் கதவா?"

"எது செஞ்சா உங்களுக்கு என்ன? தூங்குறாளா இல்லையா?" என்றாள். சில கேள்விகளுக்கு அவளிடம் பதில் கிடையாது என்று அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் பெண் வந்தது இப்படியான ஒரு நாளில்தான். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஒண்ணுமில்லை'. நாலாம் மாதத்தில் வாந்திக்காக முதல்முறை வந்தபோது, "என்ன பண்ணுது?" என்றேன். "ஒண்ணுமில்லைங்க" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். தண்ணீர் வேணுமா? ஒண்ணுமில்லை. மின்விசிறி போடவா? ஒண்ணுமில்லை. வாய்க்குள் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண். அவள் பங்குக்கும் சேர்த்துப் பேச மாமியார் இருந்தார். மாமியார் மூச்சு வாங்கும் இடைவெளியில் பேசக் கணவன் இருந்தான்.

எட்டாம் மாதத்தில் மறுபடி வந்தார்கள். மாமியார் பெருமையோடு அவள் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "பாருங்க சார், எப்படிப் பூரிச்சுப் போயிருக்கா! தாய்மைக்களை." அந்தக் களையில் கண்கள் இரண்டும் பாதி மூடியிருந்தன. விரல் வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. "லேசா தலைவலியாம். உங்க எதிர்வீட்டுக்காரிக்கு இங்க ஒரே ஊசியில தலைவலி பறந்து போச்சாமே, அதே ஊசியை இவளுக்கும் வைக்கச் சொல்லுங்க" என்றார் மாமியார்.

என் மனைவி அவளை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கே என்னவோ போலிருந்தது.

"தலைவலி நாலு நாளா இருக்காம். கண்ணு முன்னாடி மின்னுதாம். விலாவுக்குக் கீழ வலிக்குதாம். பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கு, ரெண்டு தடவை பாத்துட்டேன். இது என் வேலை இல்ல. இங்கிருந்து நேரா பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வலிப்பு வந்துடும். அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து."

இதை விடத் தெளிவாகத் தமிழில் சொல்ல முடியாது. மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டர் அடுத்த வாரம்தானே வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"அடுத்த வாரம் வரைக்கும் தாங்காதும்மா."

"உங்க மிஷின் பழசோ?" என்றான் கணவன். அவன் அப்போது தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "இந்த இடத்துல குத்தினா தலைவலி போகும்னு போன்ல பார்த்தேன். இங்க ஒண்ணே ஒண்ணு வச்சு விட்டுடுங்களேன்."

"மாசமா இருக்கறவங்களுக்கு அந்த இடத்தைத் தொடவே கூடாது."

"நல்லாத்தான் இருக்கா. அவளையே கேளுங்க" என்று மாமியார் கதவுப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏம்மா, என்ன பண்ணுது?"

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஒண்ணுமில்லை அத்தை."

"கேட்டீங்களா?" என்றார் மாமியார். வழக்கில் வென்ற வக்கீல் மாதிரி எழுந்து புடவையைச் சரிசெய்தார். "உங்களால முடியலன்னா பரவாயில்லம்மா. தெருமுனையில மசாஜ் பண்றவ இருக்கா, அவ தலையைப் பிடிச்சு விடுவா. வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாப் போயிடும்."

நான் வாயெடுத்தேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மாள் வாசல் பக்கம் நகர்வதை அவள் பார்த்தாள். பிறகு, "சரி, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. காதுல ஒண்ணு வைக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

காது ஊசி என்பது கடுகை விடச் சின்னது. தூக்கம் வராதவர்களுக்கு அதைக் காதில் வைத்து, மேலே தோல் நிறத்தில் பொட்டளவு பிளாஸ்டர் ஒட்டி அனுப்புவாள். ஓரிரு நாள் அப்படியே இருக்கும். அதைத்தான் வைக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் பிரஷர் ஏறிக் கிடக்கும் கர்ப்பிணிக்கு ஊசியே வைக்க மாட்டாளே, இன்று எப்படி விட்டுக்கொடுத்தாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நாலு பேர் முறைத்தால் கொள்கை பறந்துவிடும் போலிருக்கிறது என்று மனதுக்குள் கிண்டல் செய்தேன்.

கதவு படீரென்று திறந்தது. 'ஒண்ணுமில்லை'யைத் தோளோடு அணைத்தபடி என் மனைவி வெளியே வந்தாள். அந்தப் பெண்ணின் காதில் பிளாஸ்டர் இருந்தது.

"ஒரு தப்பு நடந்து போச்சு. ஊசி உள்ள போயிடுச்சு."

"என்னது!" என்றார் மாமியார்.

"நான் எடுக்கக் கூடாது. நீங்களும் தொடக் கூடாது. ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர்தான் எடுக்கணும். இப்பவே போங்க. தலையை ஆட்டாம கூட்டிட்டுப் போங்க."

அடடா, அந்த வேகத்தை என்னவென்று சொல்ல! நாலு நாள் தலைவலிக்கு எழாத குடும்பம், கண் மின்னலுக்கு அசையாத குடும்பம், ஒரு கடுகு ஊசிக்குத் துள்ளி எழுந்தது. கணவன் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மறு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். மாமியார் "ஐயோ, தலைக்குள்ள போயிடுமே" என்று அலறியபடியே மருமகளின் தலையை இரண்டு கையாலும் கண்ணாடிச் சாமான் போலப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். ஏறும்போது திரும்பி என் மனைவியைச் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெருவே கேட்டது, எழுத வேண்டிய தேவையும் இல்லை.

இத்தனை வருடத்தில் அவள் கை தவறியதே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் யாருடனோ போனில் வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "எப்படிடி உள்ள போச்சு?" என்றேன். அவள் தட்டை எடுத்து ஊசிகளை அடுக்க ஆரம்பித்தாள். மற்ற பெண்களை இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க அவள் சாப்பிடவும் இல்லை.

இருட்டும் நேரத்தில் டாக்டரம்மாவே கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள், நானும் கேட்டேன்.

"குழந்தையை எடுத்துட்டோம். பொண்ணு. எடை கம்மிதான், ஆனா நல்லா அழுறா. அம்மாவைத் தீவிர சிகிச்சையில வச்சிருக்கோம், தப்பிச்சுட்டா. நீங்க முன்னாடியே போன் பண்ணினதால எல்லாம் தயாரா இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த பிளாஸ்டரைப் பிரிச்சுப் பார்த்தேன். அடியில ஊசியே இல்லையே?"

"இல்ல டாக்டர். அவ இருந்த நிலைமையில எப்படி வைப்பேன்? வெறும் பிளாஸ்டர்தான்."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பு எங்கள் வீடு முழுக்கக் கேட்டது. என் மனைவி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்டலாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவளுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத் தெரியவில்லை.

பெருமை ஒரு வாரம் கூட நீடிக்கவில்லை. மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தே உற்றார் உறவினருக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். பிளாஸ்டர் ரகசியத்தை மட்டும் விட்டுவிட்டு, பிரஷர்தான் காரணம் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னாராம். "ஆமா, ஊசி உள்ள போன பயத்துலதான் பிரஷர் ஏறிடுச்சு" என்று அதற்கும் மாமியார் விளக்கம் வைத்திருந்தார். கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்தது. கடுகாக இருந்த ஊசி, கடைத்தெருவுக்குப் போவதற்குள் விரல் நீளம் ஆயிற்று. சலவைக்காரர் என்னிடம், "மூளைக்குப் பக்கத்துல போயிடுச்சாமே சார்?" என்று கேட்டார். இல்லாத ஊசி எவ்வளவு தூரம் போகும் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பெஞ்சு காலியானது. வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்த பள்ளி ஆசிரியை, உடம்பு கொதிப்போடு கைக்குட்டையால் விசிறிக்கொண்டே எங்கள் வீட்டைக் கடந்து போனார். எதிர்வீட்டுக்காரி, எந்த அம்மணியின் தலைவலி பறந்து போனதோ அவளே, எங்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பொங்கினேன். வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

"என்னன்னு சொல்வீங்க?" என்றாள்.

"ஊசியே வைக்கலன்னு சொல்வேன். அவங்களை ஆஸ்பத்திரிக்குத் துரத்தத்தான் அப்படிப் பொய் சொன்னன்னு சொல்வேன்."

"சொல்லுங்க. நாளைக்கு இன்னொருத்தி இப்படியே வந்து உக்காந்தா, என் பிளாஸ்டரை யாரு நம்புவாங்க?"

சட்டையைக் கழற்றினேன்.

மழைக்காலம் முழுக்க நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போதாவது ஒருத்தி, ஊருக்குப் புதியவள், விஷயம் தெரியாமல் வருவாள். ஊசி கெட்டுப்போகக் கூடாதே என்று என் மனைவி திரும்பவும் என் முழங்காலைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு காலையில் வாசலில் நிழல் விழுந்தது. கையில் குழந்தையோடு 'ஒண்ணுமில்லை' நின்றாள். தனியாக வந்திருந்தாள். மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம். என்ன பேசுவது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டேன்.

"தூக்கமே இல்லைங்க" என்றாள். "முதுகு வலிக்குது. யாராவது கூப்பிட்டா அழுகை வருது. கோபமும் வருது."

இவ்வளவும் அவள் வாயிலிருந்தா வருகிறது என்று நான் மாமியாரைத் தேடினேன். மாமியார் இல்லை. சத்தம் கேட்டு என் மனைவி கதவருகே வந்து நின்றாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"வீட்டுல எப்படிம்மா விட்டாங்க?" என்றேன். "எங்க பேரைச் சொன்னாலே உங்க அத்தைக்கு ஆகாதே?"

அவள் முதல்முறையாகச் சிரித்துப் பார்த்தேன். "ஊசியில ஒரு துண்டு இன்னும் உள்ள இருக்குன்னு சொல்லியிருக்கேன். வச்சவங்கதான் எடுக்க முடியும்னு டாக்டர் சொன்னாங்கன்னு சொன்னேன். அத்தையே பயந்து போய் அனுப்பி வச்சாங்க."

என் மனைவி குழந்தையை வாங்கி என் மடியில் வைத்தாள். பெண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பலகையை நிமிர்த்தி மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவள் கையோடு கொண்டு வந்த தட்டில் ஊசி உறை ஒன்று கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

மேசையிலிருந்த அந்தப் பெண்ணின் கைபேசி அடித்தது. 'அத்தை' என்று காட்டியது. நான் எடுத்தேன்.

"ஊசி வந்துடுச்சா?" என்று மாமியார் பதறினார். "அவகிட்ட கொஞ்சம் குடுங்க."

மடியில் குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. எதிரே என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசக் கூடாதும்மா," என்றேன். "கொஞ்சம் ஆழமா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்க முடியுமாம். வாரா வாரம் அனுப்பி வைங்க."